இரும்பு ஊசிக்கு முந்தைய நாள்

வடக்கனந்தலுக்கு வெளியே, வயலோரத்தில் இருசம்மாள் வெள்ளைப் பன்றி வளர்க்கிறாள். சென்ற ஈற்றில் குட்டிகள் ரத்தமில்லாமல் வெளுத்துப்போயின என்று, ஊர் ஊராகப் போய் ஊசி போடும் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் இரும்புச் சத்து ஊசி போட்டுவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் அத்தனை குட்டிகளும் மூச்சிரைத்துச் செத்தன. குழி தோண்டிப் புதைத்தவள் அவள்தான்.

இந்த ஈற்றிலும் குட்டிகளின் காது வெளுத்தது. பால் குடிக்க எழுந்தவை பாதியிலேயே படுத்துக்கொண்டன. கணவன் பச்சமுத்து போய்க் கால்நடை மருத்துவர் சுபஸ்ரீயை அழைத்து வந்தான். அவர் இரும்பு மருந்தை எடுத்ததுமே இருசம்மாள் கொட்டகை வாசலை மறித்து நின்றாள்.

"வேணாங்க டாக்டர். போன தடவ இந்த ஊசிதான் எல்லாத்தையும் கொன்னுது."

பச்சமுத்து அவளைத் திட்டினான். சுபஸ்ரீ அவனைப் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டு, தாய்ப்பன்றிக்கு என்ன தீனி என்று கேட்டார். ஜவ்வரிசி ஆலையில் கழிக்கும் மரவள்ளிக் கிழங்குச் சக்கையான திப்பியும், ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் என்றாள் இருசம்மாள். பசுந்தீனி போடுவதில்லை. எண்ணெய் டின்னை முகர்ந்து பார்த்த சுபஸ்ரீ முகத்தைச் சுளித்தார். மருந்தைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடையாமல் காப்பது வைட்டமின் ஈ என்றார். பசும்புல்லில் அது கிடைக்கும்; கெட்டுப்போன எண்ணெய் அதை அழித்துவிடும்; தாய்க்குக் குறைந்தால் குட்டிக்கும் குறையும். அது குறைந்த குட்டிக்கு இரும்பே விஷமாகலாம்.

"இன்னிக்கு வைட்டமின் ஈ மட்டும் போடறேன். நாளைக்கு இரும்பு."

"அதுவரைக்கும் தாங்குமாங்க?"

"சொல்ல முடியாதும்மா. ஆனா இன்னிக்கே இரும்பு போட்டா ஆபத்து ஜாஸ்தி."

இருசம்மாள் வழிவிட்டாள். அன்றே எண்ணெயைக் கொட்டிவிட்டு, வரப்புப் புல்லை அறுத்து வந்து தாய்க்குப் போட்டாள். விடிந்தபோது, இருந்ததிலேயே மெலிந்த குட்டி விறைத்துக் கிடந்தது. ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சுபஸ்ரீ வந்ததும், மிச்சக் குட்டிகளை இரும்பு ஊசிக்கு ஒவ்வொன்றாக அவளே தூக்கிப் பிடித்தாள்.

அதன்பின் கொட்டகையை விட்டு அவள் நகரவில்லை. வெயில் இறங்க இறங்க ஒவ்வொரு குட்டியின் விலாவையும் தொட்டுப் பார்த்தாள். ஒன்று வேகமாக மூச்சு வாங்கியது. அதை மடியில் போட்டுக்கொண்டாள். இருட்டும் நேரத்தில் அது முண்டியது. இறக்கிவிட்டதும், மற்றவற்றை இடித்துத் தள்ளிவிட்டுத் தாயின் காம்பைப் பிடித்தது.

"எல்லாம் குடிக்குதுடி, வா," என்றான் பச்சமுத்து. தட்டில் சோறு போட்டு வைத்திருந்தான். இருசம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.