ஆள் எண்ணும் சென்னியப்பன்

இடது முழங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. சின்னண்ணன் டீக்கடைப் பெஞ்சின் ஒரு முனையில் சென்னியப்பன் உட்கார்ந்துவிட்டால், மறுமுனையில் இருப்பவர் டம்ளரைக் கையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பெஞ்சில் வைத்தால் பாதி டீ வேட்டிக்குப் போய்விடும். வலது கட்டைவிரல் செல்போன் திரையைக் கீழே இழுத்து விடுகிறது. எண்பத்து நாலு. மறுபடி இழுத்து விடுகிறது. எண்பத்தொன்று.

"மூணு பேரு போயிட்டாங்க" என்கிறார், யாரையும் பார்க்காமல். பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலை போடும்முன் எழுந்து போனதைப் பார்த்தவர் மாதிரி ஒரு முகம்.

கடைக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் ஒரு தனியார் பல்கலைக்கழகம். ராசிபுரத்துப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரை எழுதினால் இந்தப் பக்கத்தையும் அவர் வெட்டி ஒட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டிவரும். அதுதான் அவர் வேலை. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், செய்தித்தாளில் எத்தனை தடவை பெயர் வந்தது, பேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் எத்தனை கண் பட்டது என்று மாதாமாதம் எண்ணிக் கொடுக்க வேண்டும். போனில் அவர் இழுத்து இழுத்துப் பார்ப்பது, அந்த நொடியில் இணையதளத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு. வயது நாற்பத்தாறு. சட்டைப் பையில் ஆறங்குல எவர்சில்வர் ஸ்கேலும் ஒரு சிவப்புப் பேனாவும் எப்போதும் இருக்கும்.

ஸ்கேல் செய்தித்தாளுக்கு. காலையில் ஐந்து பேப்பர் விரித்து, பெயர் வந்த செய்தியை நீளம் அகலம் அளப்பார். மூன்று நோட்டுகள் வைத்திருக்கிறார். அட்டையில் அவர் கையெழுத்திலேயே 'நல்லது', 'கெட்டது', 'சும்மா' என்று இருக்கும். 'சும்மா' நோட்டுதான் தடி. பல்கலைக்கழகம் அருகே முட்டை லாரி கவிழ்ந்தது, பல்கலைக்கழகம் எதிரே மயில் செத்துக் கிடந்தது என்றெல்லாம் வருவது அதில் சேரும். முட்டை லாரிப் படம் பாதிப் பக்கம் வந்தது. மேலிடத்தில் அதை 'நல்லது' நோட்டில் போடச் சொன்னார்களாம், பெயர்ப்பலகை படத்தில் தெளிவாகத் தெரிகிறதே என்று. இவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சனங்கள் முட்டையைத்தான் பார்த்தார்கள்.

இன்ஸ்டா கணக்கு இன்னும் மோசம். ஒரு படம் போட்டால் பத்து நிமிடத்தில் முந்நூற்று நாற்பது லைக் விழும். முந்நூற்று நாற்பதும் வாத்தியார்கள். துறைத்தலைவர் வாட்ஸப்பில் சொன்னதும் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு அமுக்குகிறார்கள். சென்னியப்பன் அதை முதல் வேலையாகக் கழித்துவிடுவார். "நம்மாளுங்க கை தட்டறதை நாமளே எண்ணக் கூடாதுங்க" என்பார். கழித்தபிறகு சில படங்களுக்கு ஏழு லைக் மிஞ்சும். அதில் ஒன்று அவர் மகள் தமிழினி. அங்கேயே நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அந்த ஒன்றையும் கழிப்பார்.

இந்த எண்ணுகிற புத்தி காலேஜில் வந்தது இல்லை. அதற்கு முன்னால் பதினாலு வருடம் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியில் இருந்தவர். போர் போடும் இடத்தில் ராடு இறங்க இறங்க எண்ணுவதுதான் அவர் பொறுப்பு. தோட்டக்காரரும் பக்கத்தில் நின்று ராடுக்கு ஒரு கல் வீதம் வரப்பில் வைத்துக்கொண்டே வருவார். கடைசியில் ஆழச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது, போடுகிறவர் அடிக்கணக்கைத் தன் கையாலேயே பக்கத்தில் எழுத வேண்டும். ஏற்கெனவே எழுதி வைத்த எண்ணை எந்தத் தோட்டக்காரரும் நம்பமாட்டார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் '1 கவர்' என்று எழுதித்தான் பேனாவை மூடுவார். கூரியர்காரர் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை.

ரிக்கிலிருந்து அவர் கொண்டுவந்த வாக்கியம் ஒன்று உண்டு. "ஈரத்தைத் தண்ணினு எழுதக் கூடாதுங்க." இணையதளத்துக்குள் வந்து மூன்று நொடியில் ஓடிவிடுகிறவர்கள் ஈரம். நின்று படிக்கிறவர்கள் தண்ணீர். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நூற்றெண்பது அடியில் வந்த ஈரப் புழுதியைப் பார்த்து, ரிக் முதலாளி சொன்னார் என்று இவர் சீட்டில் 'தண்ணீர்' என எழுதினாராம். தோட்டக்காரர் அதை நம்பி மோட்டார் வாங்கி இறக்கினார். அது காற்றைக் குடித்தது. இதைச் சென்னியப்பன் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், சொல்லும்போது முழங்கால் பெஞ்சையே நகர்த்திவிட்டது. அந்த ஊரில் சொந்தக்காரர் கல்யாணம் என்றால் இன்றைக்கும் மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்புகிறாரே தவிர, போவதில்லை.

என்னை அவர் பிடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் எதிரே மூன்று செமஸ்டர் படித்த ஆள்தான். மிச்சத்தை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பது வேறு பஞ்சாயத்து. பல்கலைக்கழகத்தைக் கிண்டலடிக்க இன்ஸ்டாவில் ஒரு பக்கம் நடத்துகிறேன். மார்ச்சில் ஒரு நாள் பொழுது போகாமல், 'எங்கள் பல்கலைக்கழகத்தில் சேர விருப்பமா' என்ற படிவத்தை நாற்பத்தொரு தடவை நிரப்பினேன். பல்கலைக்கழகச் செயலாளர் வீட்டு நாய் உட்பட நாற்பத்தொரு பேர் விண்ணப்பித்தார்கள். நாய் கேட்டது எம்.பி.ஏ.

மூன்றாம் நாள் சென்னியப்பன் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாப்பத்தொரு பேருக்கும் ஒரே போனுங்களா சாமி?"

நான் சின்னண்ணனின் வடைத் தட்டை ஆராய்ந்தேன்.

"நாப்பதைக் கழிச்சுட்டேன். ஒண்ணை உட்டுவெச்சிருக்கேன்."

அது எதற்கு என்று கேட்டேன்.

"அதே போன்ல ஒருத்தரு, பாதியில நின்னவங்க திரும்பச் சேர்ற பக்கத்தைப் பதினோரு நிமிசம் பாத்திருக்காரு. அவரு ஆளுதானுங்களே."

அன்றைக்கு அவர் டீக்கு நான் காசு கொடுத்தேன்.

இந்த ஏப்ரலில் வந்த வினை ஒரு பஸ்ஸால் வந்தது. கல்லூரிப் பேருந்துகள் எங்கே வருகின்றன என்று இணையதளத்தில் ஒரு பக்கத்தில் பார்க்கலாம். பிள்ளைகளுக்காகச் செய்தது. சனவரியில் செயலாளர் தமிழரசுவுக்கு ஒரு யோசனை வந்தது. பஸ்ஸைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் பெயர், வயது, ஊர், போன் நம்பர், விருப்பப் பாடம் எல்லாவற்றையும் கொடுத்த பிறகுதான் பஸ் தெரிய வேண்டும் என்று மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். அடுத்த மாதம் அறிக்கை எகிறியது. சேந்தமங்கலம் பக்கத்துப் பெண்கள், அதுவும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், தினமும் காலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் எழுபது எண்பது பேராக வந்து, செயற்கை நுண்ணறிவு பி.டெக். வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலிடத்தில் லட்டு கொடுத்தார்கள். அந்தப் பாடத்துக்கு இன்னொரு பிரிவு தொடங்கவும், 'ஆறாயிரம் பேர் விரும்பும் படிப்பு' என்று ஊரெல்லாம் தட்டி வைக்கவும் முடிவாயிற்று.

சென்னியப்பனுக்குத் தூக்கம் போயிற்று. விடிகாலை டி.வி.எஸ். எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு பேளுக்குறிச்சிப் பக்கம் போனார். நிறுத்தத்தில் கோழிப்பண்ணைக்குப் போகிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர், எல்லார் கையிலும் போன். அதில் முத்தாயம்மாள் என்ற அம்மாளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். முட்டை பொறுக்குகிற வேலை. டவுன் பஸ் எப்போது வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. ஆனால் சேந்தமங்கலத்தில் கல்லூரியின் பதினாலாம் நம்பர் வண்டி கிளம்பிய ஐந்தாவது நிமிடம் டவுன் பஸ்ஸும் கிளம்பிவிடும். பதினாலு எங்கே வருகிறது என்று பார்த்தால், வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவர நேரம் தெரியும். அதற்குத்தான் இத்தனையும்.

"அதுல என்னமோ கேக்குதுங்க. மொத இருக்கறதை அமுக்கோணும், அப்பறம் பஸ்ஸு தெரியும்னு மருமவ சொல்லிக்குடுத்தா" என்றாராம் அந்த அம்மாள். பட்டியலில் முதலாவதாக இருந்தது செயற்கை நுண்ணறிவு. படிவம் தினமும் கேட்கும், தினமும் அமுக்கினார். முத்தாயம்மாள் ஒருவரே எழுபத்தொரு விண்ணப்பதாரர். சேர்க்கைப் பிரிவிலிருந்து ஒரு பெண் தினம் போன் செய்து எப்போது வந்து சேருகிறீர்கள் என்று கேட்கிறாள். "நான் வந்து சேந்துக்கறேன் கண்ணு, இங்க முட்டைய நீ வந்து பொறுக்குனு சொல்லிப்போட்டேனுங்க. அதுக்கும் அடுத்த நாளு கூப்புடறா."

திரும்பி வந்தவர் மூன்று வாரம் வேறு வேலை எதையும் தொடவில்லை. ஆறாயிரத்து இருநூற்று நாற்பது வரியையும் உட்கார்ந்து பிரித்தார். ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்ததை ஒன்றாக்கினால் தொள்ளாயிரத்து மூன்று. அந்தத் தொள்ளாயிரத்து மூன்று பேரையும் சொந்த போனிலிருந்து கூப்பிட்டார். "படிக்கிறதுக்குங்களா, பஸ்ஸுக்குங்களா?" என்று ஒரே கேள்வி. பெஞ்சில் உட்கார்ந்து, நின்று, சாலையோரம் நடந்து, மறுபடி உட்கார்ந்து கேட்டார். சின்னண்ணன் கனவிலும் அந்தக் கேள்வி கேட்பதாகச் சொன்னார். முடிவில் படிப்புக்கு என்று நின்ற எண் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

அந்த மாத அறிக்கைக் கூட்டத்தில் நடந்ததை நர்மதா சொன்னாள். சென்னியப்பனுக்கு அடுத்த மேசையில் போஸ்டர் செய்கிற பெண். இவர் எழுந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றதும், லட்டு சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஏசியைப் பார்த்தார்களாம். செயலாளர் கோபப்படவில்லை. நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, நம்பர் பெருசா இருந்தா யாருக்கு வலிக்குது?"

"இப்ப வலிக்காதுங்க. தட்டியப் பாத்துட்டு ஒருத்தரு காட்டை அடமானம் வெச்சுப் பையனக் கொண்டாந்து உடுவாரு. மோட்டாரை எறக்குனதுக்கப்பறந்தானுங்களே வலிக்கும்."

யாருக்கும் அந்த மோட்டார் எது என்று புரியவில்லை. செயலாளர் சிரித்துக்கொண்டே, சென்னியப்பனின் ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது என்பதை ஞாபகப்படுத்தினார். ஊழியர் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்பதையும், ஊழியராக இருக்கும்வரைதான் அது என்பதையும் சேர்த்தே ஞாபகப்படுத்தினார். அறிக்கையை வேறொருவர் தட்டச்சு செய்வார், நாளைக்குக் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று முடித்துவிட்டார்.

அப்பா வீட்டில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார் என்று மறுநாள் காலை தமிழினி சின்னண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள். மகளிடம் அவர் கேட்டாராம், மூன்றாம் வருடம் வேறு காலேஜில் சேர முடியுமா என்று. முடியாதுப்பா என்று சொல்லிவிட்டு, எதுக்குப்பா என்று கேட்டிருக்கிறாள். சும்மாதான் என்றாராம். அந்த வார்த்தை அவருக்கு ஒரு நோட்டின் பெயர் என்பது அவளுக்கும் தெரியும்.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். சென்னியப்பன் பெஞ்சில். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கட்டைவிரல் திரையை இழுத்து விடுகிறது: நாற்பத்தேழு, நாற்பத்தொன்பது, நாற்பத்தாறு. ஏதாவது கிண்டலாகச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று நானும் அரைமணி நேரமாகத் தேடுகிறேன். அலுவலக உதவியாளர் தனசேகர் சாலையைத் தாண்டிப் பைலோடு ஓடிவந்தார். செயலாளர் ஒரு மணிக்குச் சென்னை கிளம்புகிறார், அதற்குள் வேண்டுமாம்.

பைலைத் திறந்தார். 'நம் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பி விசாரித்தோர்: 6,240' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே 'சரிபார்த்தவர்' என்று போட்டு அவர் பெயர். எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் வெள்ளைக் கோட்டோடு தமிழினி நின்றிருந்தாள், தோழிகளோடு எதற்கோ சிரித்துக்கொண்டு. சென்னியப்பன் அவளை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் பைலைத் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முழங்கால் ஆடிய ஆட்டத்தில் கையெழுத்து ஏணி மாதிரி ஏறி இறங்கியது.

தனசேகர் கையை நீட்டினார்.

"இருங்க, இன்னும் முடியில."

சென்னியப்பன் இடது கையால் தன் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பெஞ்சு நின்றது. என் டம்ளரில் டீ நின்றது. கையெழுத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் பேனாவால், ஒரு எழுத்துகூடக் கோணாமல் எழுதினார்: 512. ஐந்நூற்றுப் பன்னிரண்டு மட்டும்.