ஞாயிறன்று யாரும் கேட்காத முதலிடப் பாட்டு

என் பாட்டு ஊவா மாகாணப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்திருக்கும் செய்தியை என் மனைவிதான் சொன்னாள். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு போன் திருத்தும் கடையில் நான் வேலை செய்கிறேன். அன்று யாருடையதோ ஒரு போனைக் கழற்றிப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அழைத்தாள்.

"என்னங்க, ஒங்க பாட்டு ஒன்னாவதா இருக்கு. ஏதோ தப்பாக் காட்டுதுன்னு நெனைக்கிறேன்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பட்டியல் விஷயத்தில் என்னை ஏமாற்றுவது கஷ்டம். பள்ளிக்கூடக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வானொலியில் சொல்லும் பத்துப் பாட்டுகளையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன். கணக்குக் கொப்பியைவிட அது தடிமனாக இருந்தது. நல்ல பாட்டுதான் மேலே வரும் என்று எந்தச் சட்டமும் கிடையாது என்று அப்போதே படித்துவிட்டேன். ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாத மாதத்தில் ஒரு மழைப் பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இன்னொரு பாட்டு ஏழாமிடத்துக்கு மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் வருஷம் முழுக்க அங்கேயே குந்தியிருந்தது. மூன்று வாரம் இரண்டாமிடத்தில் நின்ற ஒரு பாட்டு, முதலிடத்துக்கு வரவேண்டிய ஞாயிறன்று கிரிக்கெட் வர்ணனை குறுக்கே வந்ததால், அடுத்த வாரம் ஒன்பதுக்கு விழுந்தது. அந்தப் பாட்டுக்காக நான் பகல் சாப்பாட்டை வேண்டாமென்றேன். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

இப்போது வானொலிக்குப் பதில் போனில் ஒரு பாட்டுச் செயலி இருக்கிறது. வாரத்துக்கொரு தடவை மாகாணம் மாகாணமாகப் பட்டியல் போடுகிறது. எத்தனை தடவை கேட்டார்கள் என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்ற கவலை அதற்கு இல்லை.

அந்தப் பாட்டை நான் பதிவு செய்தது பசறைப் பக்கத்தில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் வைத்து. பஸ்ஸில் பார்த்த பெண்ணைப் பற்றிய துள்ளல் பாட்டு. சொந்த வரி, சொந்த மெட்டு, சொந்த போன். லயத்துக்கு முன்னாலேயே தேயிலைத் தொழிற்சாலை. நாங்கள் அதை ஸ்டோர் என்போம். அதன் மாடியில் கொழுந்து வாட்டுவதற்குப் பெரிய பெரிய காத்தாடிகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஜன்னலுக்குக் கம்பளி கட்டியும், தலைக்கு மேல் போர்வை போட்டும் பார்த்தேன். அந்த இரைச்சல் போகவில்லை. ஒரு தடவை பதிவை நிறுத்த மறந்து, போனை அங்கேயே வைத்துவிட்டுச் சாமான் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். வெறும் இரைச்சல் நாற்பது நிமிஷம் போனில் ஏறியிருந்தது. அதை அழிக்கவும் மறந்துவிட்டேன்.

அப்பா அந்த மாடியில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தார். என் பாட்டை அரை நிமிஷம் கேட்பார். பிறகு "சரி, சரி" என்று எழுந்து போய்விடுவார். திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஊரெல்லாம் கேட்க வேண்டும் என்று நான் வெளியே சொல்லிக்கொண்டாலும், உள்ளே இருந்த ஆசை ஒன்றுதான். ஒரே ஒரு பாட்டை, ஒரே ஒரு தடவை, அவர் கடைசிவரை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

பாட்டைச் செயலியில் போட்டேன். நானும் மனைவியும் கேட்டோம். மூன்றாவதாக ஒருவர் கேட்டதாகக் காட்டியது. அதுவும் கடைப் போனிலிருந்து நானாகத்தான் இருக்க வேண்டும். சில மாதங்களில் ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகத் தொடங்கியது. அப்பா எங்களோடு பதுளைக்கு வந்துவிட்டார். பாட்டை நானே மறந்திருந்த நேரத்தில்தான் இந்த முதலிடம்.

செயலிக்குள் போய்ப் பார்த்தேன். எந்த நேரத்தில், எந்த நாளில் கேட்கிறார்கள் என்று கோடு கோடாகக் காட்டும். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. காலை ஒன்பதரைக்குப் பிறகு கோடு ஓங்கி நிற்கிறது. மத்தியானத்துக்கு மேல் இன்னொரு தடவை ஓங்குகிறது. மாலை ஐந்து மணியோடு படுத்துவிடுகிறது. இரவில் ஒருவரும் இல்லை. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அறவே இல்லை. காதல் பாட்டை வேலை நாளில் மட்டும், அதுவும் பகலில் மட்டும் கேட்கிற காதலர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்?

"ஆபீஸ் கந்தோர்ல வேலை செய்யாம பாட்டுக் கேக்குறாங்களா இருக்கும்" என்றாள் மனைவி.

"ஒரே ஆள் ஒரு நாளைக்கு முப்பது தடவை கேக்குறாங்கம்மா."

"அப்ப அவங்களுக்கு ஏதோ கொழப்பம்."

ஒரு நிமிஷத்துக்கு நான் அதைக்கூட நம்பினேன்.

கொழும்பிலிருந்து ஓர் ஒலிப்பதிவுக் கம்பனி பேசியது. பாட்டு நல்லது, பதிவுதான் மோசம், சுத்தமாக எடுத்துத் தருகிறோம், பழையதை எடுத்துவிடுங்கள் என்றார்கள். போனேன், பாடினேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ஈயின் சத்தம்கூட இல்லை. என் குரலை அவ்வளவு அழகாக நான் கேட்டதே கிடையாது. பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டோம். முதல் வாரம் முப்பதாமிடம். அடுத்த வாரம் பட்டியலிலேயே இல்லை. என் கொப்பியில்கூட அப்படி விழுந்த பாட்டு எதுவும் இல்லை.

"உங்க பக்கத்து ஆக்களுக்கு ரசனை காணாது" என்றார் கம்பனிக்காரர். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் வேறு காரணம் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் புதிய பாட்டின் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. "பழைய பாட்டு எங்க? புள்ளைங்க அழுவுதுங்க." யாரோ நக்கல் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். கீழே எங்கள் தோட்டத்தின் பெயர் இருந்தது. பிள்ளைக்காம்பரா ஆயா என்றும் எழுதியிருந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. மறுநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பசறை பஸ்ஸில் ஏறினேன்.

உள்ளே ஏழெட்டு ஏணைகள், துணித் தொட்டில்கள், தொங்கின. எல்லாவற்றிலும் அழுகை. ஆயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எனக்கு முன்பின் தெரியாத பெண். நான் பேர் சொன்னதும், இரண்டு கையாலும் இரண்டு ஏணையை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பாட்டுக்கார தம்பியா? வாங்க, வாங்க. ஏங்க அந்தப் பாட்ட எடுத்தீங்க?"

"புதுசா நல்லாப் பாடிப் போட்டிருக்கேனேம்மா."

"கேட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா எரச்சல் இல்லீங்களே."

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். ஸ்டோரை மூடிய மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையும் கண்ணை மூடவில்லையாம். வயிற்றில் இருந்த நாளிலிருந்து அந்தக் காத்தாடிச் சத்தத்திலேயே கிடந்த பிள்ளைகள். சத்தம் நின்றதும் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழித்தன. காலைத் தேத்தண்ணி நேரத்தில் தாய்மார் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகுதான் தூங்க வைக்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, ஆயாவின் மகள் போனில் என் பாட்டைக் காட்டியிருக்கிறாள்.

"பாட்டுக்குப் பின்னால நம்ம ஸ்டோர் ஓடுது தம்பி. ஒரு புள்ள உடனே தூங்கிருச்சு. அப்பறம் நாள் முழுக்க அதேதான். கொஸ்லந்தப் பக்கம், அப்புத்தளைப் பக்கம் உள்ள ஆயாமாருக்கும் அனுப்பினேன். அங்கயும் ஸ்டோர் மூடிக் கெடக்கு."

"அப்ப, பாட்டு?"

"பாட்டு நடுவுல வருதுங்க. புள்ளைங்க அதுக்குப் பழகிக்கிச்சு."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. காதலர்களும் இல்லை, கந்தோர்க்காரர்களும் இல்லை. என்னை முதலிடத்தில் ஏற்றி வைத்தவர்களுக்குப் பல்கூட முளைக்கவில்லை. சிரிப்பதா, அவர்களோடு சேர்ந்து அழுவதா என்று தெரியாமல் படியில் போய் உட்கார்ந்தேன்.

ஆயா பின்னாலேயே வந்தார். "தம்பி கோவிச்சுக்காதீங்க. பழையதப் போட்டுருங்க. நீங்க பாடாம வெறும் எரச்சல் மட்டும் இருந்தா அதையும் போடுங்க. நீங்க ஒசத்திப் பாடுற எடத்துல ரெண்டொன்னு முழிச்சிக்குதுங்க."

கடைக்குப் போன அந்த நாற்பது நிமிஷம் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று மாலையே பழைய போனைத் தேடி எடுத்து அதை ஏற்றினேன். பாடியவர் பெயர் கேட்டது. காலியாக விட்டால் செயலி ஏற்றுக்கொள்ளவில்லை. என் பெயரைப் போட்டேன். ஆயாமார் இன்னும் பல தோட்டங்களுக்கு அனுப்ப, மூன்றாவது வாரம் அது முதலிடத்துக்கு வந்தது. நான் வாயே திறக்காத பாட்டு. கடை முதலாளி கைகொடுத்து, குரல் நன்றாக இருக்கிறது என்றார். கேட்டீர்களா என்றேன். நேரமில்லை என்றார். கம்பனிக்காரர் பேசி, இது என்ன வகையான இசை என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், ஊவா வகை என்றேன்.

அடுத்த ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா கதிரையில் சாய்ந்திருந்தார். பதுளைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கும் சரியான தூக்கமில்லை. நுளம்புக் கடி, தலையணை, பக்கத்து வீட்டு நாய் என்று தினம் ஒரு காரணம் சொல்வார். நான் போனை அவர் பக்கத்தில் வைத்துப் போட்டுவிட்டேன்.

அரை நிமிஷம் போனது. இப்போது "சரி, சரி" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிஷம் போனது, இருபது போனது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டார் என்று சைகை காட்டினாள். நாற்பது நிமிஷமும் முடிந்து வீடு அமைதியானபோது அப்பா கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"மூணாம் நம்பர் காத்தாடி. பேரிங் போயிருக்கு. நான் அப்பவே சொன்னேன், கேக்கல."

அவர் கடைசிவரை கேட்டுவிட்டார். என் பெயரில் இருப்பதைத்தான் கேட்டார். ஆனால் என்னைக் கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. இன்றுவரை புரியவில்லை.

"இன்னொருக்காப் போடு தம்பி" என்றார்.

போட்டேன். திங்கட்கிழமை கடையில் செயலியைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே முதல்முறையாக ஒரு குட்டைக் கோடு நின்றது. இரண்டு தடவை என்று காட்டியது.