பூப் பட்டாளத்துத் தேவசகாயம்

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் மணியடிக்கிறவர் அன்று காலை முதல் பஸ்ஸில் வந்து, ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில் நின்றார். கையில் நாலாக மடித்த ஒரு சீட்டு. வெளியே "சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு" என்று எழுதியிருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சொல்லாதீக, நானே வாசிக்கேன்" என்றேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக என் பெயருக்கு வந்த கடுதாசி அது. உண்மையைச் சொல்கிறேன், என் பெயரை அதன்மேல் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உள்ளே தேவசகாயத்தின் மனைவி ரூத்தம்மாள் எழுதியிருந்தாள். "அவர்கள் விடியுமுன்னே போய்விட்டார்கள். நாலு மணிக்கு அடக்கம். வரவும்." நான் ஒவ்வொரு எழுத்தாகத்தான் வாசிப்பேன். "போய்விட்டார்கள்" என்பது நீளமான சொல். அதன் கடைசிக்கு நான் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரம் தேவசகாயம் எனக்கு உயிரோடு இருந்தான்.

நம் முதியோர் சங்கத்து மலரில் அவனைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றார்கள். படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நான்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். இதை எழுதி முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அவனை "அவர்" என்று எழுதும்படி சொன்னார்கள். அவனுக்கு அந்த மரியாதையைக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

உங்களில் பலருக்கு அவனை மிஷன் பள்ளிக்கூடத்துப் பியூனாகத் தெரியும். அதற்கு முன்னால், யுத்த காலத்தில், அவன் ஒரு வெள்ளைக்காரக் காலாட்படையின் மெஸ்ஸில் பரிமாறுகிறவன். நான் வேறொரு வெள்ளைக்காரக் காலாட்படையின் சமையல் கூடத்தில் எடுபிடி. ராஞ்சிக்குப் பக்கத்தில் இரண்டு பட்டாளங்களும் ஒரே முகாமில் இருந்தன. அந்தப் பட்டாளங்களின் பெயர்களை என்னால் இன்னும் சரியாக எழுத முடியவில்லை. அதனால் அவனுடையதைப் பூப் பட்டாளம் என்றும், என்னுடையதை முரசுப் பட்டாளம் என்றும் எழுதுகிறேன்.

பூப் பட்டாளத்துக்காரர்கள் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் தொப்பியில் மஞ்சள் பூ வைப்பார்கள். அவர்களுடைய பாட்டன் காலத்துச் சண்டை ஒன்றில், சிப்பாய்கள் கடுகு வயல் வழியாக நடந்து போகும்போது பூவைப் பறித்துத் தொப்பியில் செருகிக்கொண்டு போய் ஜெயித்தார்களாம். எங்கள் முரசுப் பட்டாளத்துக் கதை அதைவிடப் பெரியது. ஒரு சண்டையில் முரசடிக்கிறவன் விழுந்துவிட்டான். சமையல்காரன் ஓடிவந்து, கையிலிருந்த கரண்டியாலேயே முரசை அடித்துச் சிப்பாய்களை நடத்திக்கொண்டு போனான். அதற்காக வருடத்துக்கு ஒரு நாள் விருந்தில் மேசைமேல் முரசை வைப்பார்கள். சமையல்காரர் வந்து பித்தளைக் கரண்டியால் மூன்று முறை அடிப்பார். கர்னல் எழுந்து நின்று சமையல்காரருக்குச் சல்யூட் அடிப்பார். சமையல்காரருக்குக் கர்னல்! எந்தப் பட்டாளத்தில் உண்டு?

ஆனால் அடித்தவர் எங்கள் வெள்ளைக்காரச் சமையல் சார்ஜென்ட். கரண்டியைப் புளி போட்டுத் துலக்கிக் கையில் கொடுத்தவன் நான். மூன்று வருடம் துலக்கினேன். ஒரு முறையும் அடிக்கவில்லை. அங்கே தேவசகாயத்துக்கோ, அவனுடைய கேப்டன் தன் கையாலேயே தலைப்பாகையில் பூவைச் செருகிவிட்டார். அன்று சாயங்காலம் அவன் எங்கள் சமையல் கூடத்துக்கு வந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு, தீப்பெட்டி கேட்டான். அவன் பீடி குடிக்கிறவனே அல்ல. என் பொறாமை அன்றைக்குத் தொடங்கியது.

ஊருக்குத் திரும்பி நான் ராஜபாளையத்தில் மில் கேண்டீனில் சேர்ந்தேன், அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். கேப்டன் சீமைக்குப் போய் வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு அவனுக்குக் கடுதாசி போட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் போட்டார். எனக்கு ஒரு கடுதாசியும் வரவில்லை. என் சார்ஜென்டுக்கு என் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். என்னை "கரண்டி" என்றுதான் கூப்பிடுவார். கடுதாசி வந்ததும் தேவசகாயம் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிடுவான். அவனுக்கு ஓரளவு இங்கிலீஷ் தெரியும். வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வான். நான் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "கேப்டன் உன்னயும் விசாரிச்சிருக்காருலே" என்பான். அது உண்மையா, அவனாகச் சேர்த்ததா என்று எனக்குத் தெரியாது. வாசிக்கத் தெரியாதவனுக்கு அது பெரிய இம்சை.

ஆகஸ்டில் அந்த நாள் வந்தால் அவன் தலைப்பாகையில் ஆவாரம்பூ ஏறிவிடும். அப்படியே தேரடி வரைக்கும் நடந்து போவான். எண்பதுகளில் ஒரு தடவை நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "என்ன பெரியவரே, சர்க்கரை வியாதியா? ஆவாரம்பூவ அவிச்சுல்லா குடிக்கணும், தலையில வச்சா கேக்குமா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அவனோ கோபப்படாமல், "இது சர்க்கரை இல்லீக, பட்டாளம்" என்று சொல்லிவிட்டு நடந்தான். அந்த நடையும் எனக்குப் பொறுக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். அறிவு வளரும் என்று சேர்ந்தவர்கள் உண்டு. நான் தேவசகாயத்தின்மேல் இருந்த பொறாமையால் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் பஸ்ஸின் முன்னால் எழுதிய ஊர்ப் பெயரை நானே வாசித்து ஏறினேன். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்கு இன்னும் எழுத்து போதவில்லை. சுவரில் ஒட்டிய எந்தக் காகிதத்தையும் விடுவதில்லை. நான் ஒரு போஸ்டரை வாசித்து முடிக்குமுன் அதன்மேல் அடுத்த போஸ்டர் ஒட்டிவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவன் கண் போயிற்று. புரை என்றார்கள், மதுரையில் ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. அந்த வருடத்துக் கடுதாசி வழக்கத்தைவிடத் தடிமனாக வந்தது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர் ஒருவர் அதைத் தமிழில் இரண்டு தாளில் எழுதிக் கொடுத்துப் போயிருந்தார். என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினான். நான் போய் இறங்கியதும் ரூத்தம்மாள் குறைப்பட்டாள்.

"நானே வாசிச்சிருப்பேன் அண்ணாச்சி. விட மாட்டேங்காவ. நாலு நாளா தலைமாட்டுலயே வச்சிருக்காவ."

"ரெண்டு பட்டாளத்து விசயமாம்ட்டி. அவன் இல்லாம வாசிச்சா நாயமா?" என்றான் தேவசகாயம். "ஏலே, உக்காரு. வாசி."

வாசித்தேன். "இ… ரண்… டு… பட்… டா… ளங்… களை… யும்…" என்று தொடங்கி, ஒன்றாக்கிவிட்டார்கள் என்பதற்கு வந்து சேர்ந்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. சண்டையில் எத்தனையோ வருடம் அழியாத இரண்டு பட்டாளங்களை, ஆள் குறைப்பதற்காக ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பழைய கொடிகள் இரண்டையும் கடைசியாக ஒரு தடவை மெதுவாக நடத்திக் கொண்டுபோய், அந்தந்த ஊர்ச் சர்ச்சில் தொங்கவிட்டார்களாம். கிழிந்தாலும் தைக்கக் கூடாதாம், தானாக நூல் நூலாக உதிர வேண்டுமாம். கேப்டன் மழையில் நின்று அழுதாராம். புதிய கொடி வந்தது. புதிய தொப்பி பேட்ஜில் அவன் பட்டாளத்துக் கோட்டை, அதற்குள்ளே என் பட்டாளத்துச் சிங்கம்.

"கோட்டைக்குள்ள உன் சிங்கத்தப் போட்டு அடைச்சுட்டானுவ" என்றான்.

"சிங்கம் இல்லாத கோட்டையில எலிதான் இருக்கும்" என்றேன்.

புதிய பெயரிலும் அவனுடையதுதான் முதலில். முதல் மாதம் சிப்பாய்கள் ஒரே மேசையில் உட்காராமல், சட்டையில் எந்தப் பட்டாளத்துப் பொத்தான் என்பதற்காக அடிதடி வரைக்கும் போனார்களாம். பிறகு பழைய அதிகாரிகள் கூடி, எந்த வழக்கத்தை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தார்களாம். இந்த இடத்தில் தேவசகாயம் எழுந்து உட்கார்ந்தான்.

நான் அடுத்த இரண்டு வரிகளை முதலில் மனதுக்குள் வாசித்தேன். மனதுக்குள் வாசிக்க அப்போதுதான் பழகியிருந்தேன். மஞ்சள் பூ அணியும் வழக்கம் புதிய பட்டாளம் முழுவதற்கும் உரியதாகிறது. கரண்டியால் முரசடிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டு, முரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்படுகிறது. இதுதான் எழுதியிருந்தது. மூன்று வருடம் நான் துலக்கிய கரண்டி இனி எந்த மேசைக்கும் வராது. அவன் பூ மட்டும் எல்லாத் தொப்பியிலும் ஏறும். வாய் திறந்து சொன்னேன்: "மஞ்சள் பூ அணியும் வழக்கம் நிறுத்தப்படுகிறது. கரண்டியால் முரசடிக்கும் வழக்கம் புதிய பட்டாளம் முழுவதற்கும் உரியதாகிறது."

என் வாழ்நாளில் நான் வாசித்த முதல் கடுதாசி அது. அதிலேயே பொய் வாசித்தேன்.

அவன் கட்டிலிலிருந்து காலைக் கீழே தொங்கவிட்டான். அப்புறம், "ரூத்து, பெரிய கரண்டிய எடுத்தா. அந்த முறுக்கு டின்னயும் கொண்டா" என்றான்.

"என்னத்துக்கு?"

"எடுத்தாட்டி. ஏலே சங்கரலிங்கம், அடி. மூணு தடவ."

அடித்தேன். டின்னுக்குள் இருந்த முறுக்கெல்லாம் நொறுங்கியது. அவன் கட்டிலைப் பிடித்து எழுந்தான், முதுகை நிமிர்த்தினான், மெஸ்ஸில் நின்ற அதே விறைப்பில் சல்யூட் அடித்தான். கண் தெரியாததால் என்னைப் பார்த்து அடிக்கவில்லை. இரண்டடி தள்ளி அலமாரியைப் பார்த்து அடித்தான். நான் இரண்டடி நகர்ந்து, அலமாரிக்கு முன்னால் போய் நின்று, அந்தச் சல்யூட்டை வாங்கிக்கொண்டேன்.

எட்டு மாதம் நான் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். ஆகஸ்டில் அந்த நாள் வந்தது. ரூத்தம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் ராஜபாளையத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டான். தலைப்பாகையில் ஆவாரம்பூ.

"பூவ நிறுத்தியாச்சுன்னு வாசிச்சேன்லா?" என்றேன்.

"வாசிச்ச. மத்த வரியெல்லாம் கல்லுல தடுக்கித் தடுக்கி விழுந்து வாசிச்ச. அந்த ரெண்டு வரி மட்டும் சைக்கிள்ல எறக்கத்துல போற மாதிரி போனியேலே. அம்புட்டு நல்லா உனக்கு வாசிக்க வராதுல்லா!"

ரூத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினான். நான் வாசித்தேன். இந்த முறை அந்த இரண்டு வரிகளையும் எழுத்தெழுத்தாக, தடுக்கித் தடுக்கி.

"ஆங், இப்பத்தான் சரி" என்றான்.

"தெரிஞ்சுக்கிட்டே பொறவு எதுக்கு எனக்குச் சல்யூட் அடிச்ச?"

"நீ மூணு வருசம் தொலக்குனது பொய்யா?"

பிறகு பையிலிருந்து இன்னொரு ஆவாரம்பூவை எடுத்தான். "புதுப் பட்டாளம் முழுசுக்கும் பூ உண்டுன்னு நீதான வாசிச்ச? இப்ப ஒரே பட்டாளம்லா. குனிலே."

நான் குனியவில்லை. கடுதாசி அவனுக்கு, பூ அவனுக்கு, சல்யூட்டும் அவன் போட்டது, என் பொய்யைப் பொறுத்ததும் அவன். இதையும் அவன் கையால் வாங்க வேண்டுமா என்று இருந்தது. "எனக்கு வேண்டாம்" என்றேன். அவன் கையால் தடவிப் பார்த்து ஜன்னல் கட்டையில் பூவை வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான். சாயங்காலம் அது வாடியது. எடுத்துப் போட்டுவிட்டேன். அவன் எனக்குக் கொடுத்த கடைசிப் பூ அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடக்கத்துக்குப் போனபோது கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஆவாரஞ்செடி பூத்திருந்தது. இரண்டு பூப் பறித்தேன். "ஒண்ணு போதுமே அண்ணாச்சி" என்றாள் ரூத்தம்மாள். "ரெண்டு வேணும்மா" என்றேன். ஒன்றைப் பெட்டிமேல் வைத்தேன். மற்றதை என் தலைத்துண்டில் செருகினேன். கூட்டம் நிறைய. எனக்கு இதில் பாதி வருமா என்று அங்கேயும் எண்ணத்தான் செய்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் மெதுவாக, "பெரியவருக்குச் சர்க்கரையா?" என்று கேட்டார்.

"இல்லீக, பட்டாளம்" என்றேன்.

கேப்டனுக்குச் செய்தி சொல்லும் கடுதாசியை ரூத்தம்மாள் என்னையே எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். டீச்சர் இங்கிலீஷில் மாற்றி அனுப்பியிருக்கிறார். கீழே என் பெயரையும், முரசுப் பட்டாளம் என்றும் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் என் பெயருக்கு வரும்.

நான் பொய் வாசித்த அந்த இரண்டு தாள்களையும் ரூத்தம்மாள் எனக்கே கொடுத்துவிட்டாள். அவனிடமிருந்து நான் வைத்திருப்பது அவ்வளவுதான். தலையில் செருகிய பூவை அந்த இரண்டு வரிகளின்மேல் வைத்து மடித்திருக்கிறேன். தினமும் காலையில் பிரித்து அந்த வரிகளை வாசிக்கிறேன். இப்போதெல்லாம் எனக்கு வாசிப்பு நன்றாகப் பழகிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. அதனால் வேண்டுமென்றே மெதுவாக, எழுத்தெழுத்தாக, தடுக்கித் தடுக்கி வாசிக்கிறேன். அவன் கேட்டால் நம்ப வேண்டும்.