மூடிய பாலமும் மூன்று வேளை விருந்தும்

ஹோட்டலில் பரிமாறுகிறவனுக்குக் கண் வேலை செய்யலாம், கை வேலை செய்யலாம், வாய் மட்டும் வேலை செய்யக்கூடாது. தட்டுத் தூக்கிச் சீவிக்கும் என் இனத்தாரே, அந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். ரொறன்ரோவில் நான் வேலை செய்யும் ஹோட்டலுக்குப் போன விண்டரில் இரண்டு நாட்டு அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். ஒரு நாட்டில் உள்நாட்டு யுத்தம். தப்பி ஓடும் சனம் எல்லை ஆற்றங்கரையில் காத்துக் கிடக்க, பாலம் யாருக்குச் சொந்தம் என்று பிடுங்குப்பட்டு இரு பக்கமும் அதைப் பூட்டி வைத்திருந்தன. பூட்டைத் திறக்கத்தான் இந்தப் பேச்சு.

நீலத் துணி

மேசை நடுவில் அழகுக்கு ஒரு நீலத் துணி விரித்தேன். ஒரு குழுவின் செயலாளர் குனிந்து பார்த்தார். அது எல்லை ஆறாம், தங்கள் பக்கம் தள்ளிக் கிடக்கிறதாம், நிலம் குறைகிறதாம். மற்றப் பக்கம் இழுத்தேன். அந்தப் பக்கத்துக்காரர் எழும்பிவிட்டார். சூப் ஆறிப் போனது. பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து விடிய ரெயின் பிடித்து வரும் என் மேற்பார்வையாளர் வசந்தி அக்கா சொன்னா: "உந்தத் துணியை எடுத்தெறியடா தம்பி, உவையள் கரண்டிக்கும் எல்லை கேப்பினம்."

குசினி வழி

யார் முதலில் மண்டபத்துக்குள் நுழைவது என்று அடுத்த சண்டை. கடைசியில் ஆளுக்கொரு வாசலால் ஒரே நேரத்தில் வருவதென்று முடிவு. இரண்டாவது வாசல் எங்கள் குசினிக் கதவு. அங்கே கோப்பை கழுவும் ஜோசப், யுத்தம் நடக்கும் நாட்டுக்காரன். அவன் தங்கை கைக்குழந்தையோடு அந்தப் பாலத்தடியில் இருந்தாள். தன் நாட்டு அமைச்சரைக் கண்டதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, பாலம் எப்போது திறக்கும்?" என்று கேட்டான். அமைச்சர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்: "இங்கே நிலம் வழுக்குமா?"

கூட்டறிக்கை

கடைசி நாள் பெரிய கைதட்டல். பாலம் திறந்துவிட்டதாக்கும் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுத்த கூட்டத்தை எங்கே வைப்பது என்பதில் உடன்பாடாம். கடற்கரை நகரமாம். கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். மிஞ்சிய கேக்கைப் பெட்டியில் போட்டுத் தரச் சொன்னார்கள்.

இதை ஜோசப்புக்கு எப்படிச் சொல்வது என்று தயங்கியபடி குசினிக்குப் போனேன். அவன் போனைக் காதில் வைத்து அழுதுகொண்டு நின்றான். கிட்டப் போனால் முகம் சிரிக்கிறது. ஒரு மீன்பிடிக்காரன் தங்கையையும் குழந்தையையும் படகில் ஏற்றி அக்கரை சேர்த்துவிட்டானாம். என் காதுக்குள் சொன்னான்: "உள்ளே இருக்கிறவர்களுக்குச் சொல்லிவிடாதே, ஆற்றையும் பூட்டிவிடுவார்கள்."

சமாதானம் வருகிறதோ இல்லையோ, அதைப் பேச வருகிறவர்களுக்குப் பசி மட்டும் நேரம் தவறாமல் வந்துவிடுகிறது.