கையை விடச் சொன்னவன்

அந்தப் பாய்வள்ளம் என்னுடையதல்ல. தண்ணீர்த் திட்டமொன்றில் வேலை செய்ய வந்திருந்த வெள்ளைக்கார இஞ்சினியருடையது. சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம் என்பதால், கடலோடு சேர்கிற எங்கள் வாவியில் பாய் விரித்துத் திரிவார். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு ஊருக்குப் போனபோது, நாவற்குடாவில் வெல்டிங் கடை வைத்திருந்த என்னிடம் ஒரு வேலை தந்துவிட்டுப் போனார். பாயின் அடிப்பக்கத்தைக் கட்டுகிற நீளமான மரத்தடி ஒன்று பாய்மரத்திலிருந்து கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தடியைப் பாய்மரத்தோடு பொருத்துகிற இரும்புக் கொண்டி வெடித்திருந்தது. தடியைக் கழற்றி, கடைக்குக் கொண்டுபோய் ஒட்டவேண்டும். இரண்டு பேராகப் போய்க் கழற்றச் சொல்லியிருந்தார்.

கூட வருவதாகச் சொன்ன மச்சானுக்குக் காலையில் காய்ச்சல். பன்னிரண்டு அடித் தடிதானே என்று நான் தனியாகவே போனேன்.

வள்ளம் கல்லடிப் பக்கம், வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள நாவலடியின் தென்னைகள் தெரிகிற தூரத்தில் நங்கூரமிட்டு நின்றது. தோணியில் போய் ஏறினேன். முதலில் பாயை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். தடியின் பின்நுனியைப் பாய்மர உச்சியிலிருந்து வந்த கயிறு ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்தது. பாய்மரத்தோடு சேருகிற முன்நுனியைத் தாங்க ஆளில்லை. அதனால் பாய் ஏற்றுகிற கயிற்றை அதில் கட்டி, இழுத்து முடிச்சுப் போட்டேன். பிறகு கொண்டியின் ஆணியைச் சுத்தியலால் தட்டினேன். துருப்பிடித்த ஆணி நாலைந்து அடிக்குப் பிறகுதான் கழன்றது. தடி இரண்டு கயிற்றில் ஊஞ்சல்போலத் தொங்கியது. தனியாளாகச் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமைகூட வந்தது.

அப்போதுதான் வள்ளம் தானாகத் திரும்பியது.

மாரிகாலம். முகத்துவாரத்தால் தண்ணீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வள்ளம் அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் நின்றது. இப்போது அது வட்டமடித்து எதிர்ப்பக்கம் பார்த்தது. தடி வீசிவந்து என் தோளில் அடித்தது. வாவி பின்னுக்கு ஓடுகிறது என்று மூளைக்குப் பிடிபடவில்லை. நாவலடிப் பக்கமிருந்து இரைச்சல் வந்தது. சண்டை தொடங்கிவிட்டது, ஷெல் அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். குனிந்து படுத்தேன். தலையைத் தூக்கியபோது தென்னைகளுக்கிடையால் கறுப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு வீட்டுக் கூரை மிதந்தது. கூரைக்குப் பக்கத்தில் மனிதர்கள். சுனாமி என்ற பெயரே எனக்குப் பிறகுதான் தெரியும்.

நங்கூரம் இழுபட வள்ளமும் தண்ணீரோடு ஓடத் தொடங்கியது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. கை மட்டும் வேலை செய்தது. தடியின் முன்நுனியைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் சுற்றி இறுக்கினேன். மற்ற நுனியை வெளியே, தண்ணீருக்கு மேலே தள்ளிவிட்டேன். 

ஒரு பெண் பிடித்தாள். அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டே அவளுடைய தாயும் வந்து தடியில் தொங்கினாள். அவர்களுக்கு அப்பால், நுனியில், ஒரு ஆண் பிடித்தார். மூன்று பேரின் பாரத்தில் வள்ளம் சரிந்தது. விளிம்பால் தண்ணீர் உள்ளே ஏறியது. மற்றப் பக்கம் முழு உடம்பையும் போட்டுச் சாய்ந்தேன். நிமிரவில்லை. 

"நுனியில தொங்குற ஆள், கைய விடுங்க! வள்ளம் கவிழப்போகுது, விடுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். விட்டார். 

வள்ளம் நிமிர்ந்தது. தடியை உள்ளே இழுத்து இரண்டு பெண்களையும் ஏற்றினேன். வள்ளம் கரையோரக் கண்டல் மரப் பற்றைக்குள் போய்ச் செருகி நின்றபோது, மகள் கேட்டாள்.

"எங்களோட தொங்கின ஆள் எங்க?"

"தெரியா" என்றேன்.

கையை விடச் சொன்னதைக் கட்டின மனிசியிடம்கூடச் சொல்லவில்லை. ஊரில் என்னை இரண்டு உயிரைக் காப்பாற்றினவன் என்றார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பிறகு திரும்பவும் சண்டை வந்தது, முடிந்தது. அந்த முகம் மட்டும் மாறவேயில்லை.

சண்டை முடிந்த அடுத்த வருடம், நாவலடிச் சனத்தைக் குடியேற்றியிருந்த திராய்மடுவிலிருந்து ஒருவர் ஜன்னல் கம்பி செய்ய வந்தார். என்னைவிட மூத்தவர், நரைத்த தாடி.

"ஒரு பக்கம் திறக்கிற மாதிரிச் செய்யுங்க தம்பி. தண்ணி வந்தா வெளிய போக வேணும்."

"நாவலடியில இருந்தநீங்களா அண்ணன்?"

"ஓம். மனிசி தண்ணியோட போயிட்டா. என்னை வாவிக்குள்ள அடிச்சிட்டுப் போச்சு. ஒரு பாய்வள்ளத்துத் தடியில தொங்கினன். முன்னுக்கு ரெண்டு பொம்புளையள்."

அளவு நாடா என் கையிலிருந்து சுருண்டு போனது. தாடிக்குள் அந்த முகத்தைத் தேடினேன். இருந்தது.

"மறுகா ஏன் விட்டீங்க?"

"கை விறைச்சுப் போச்சு. வள்ளத்துல நிண்டவன் என்னவோ கத்தினான். புடிச்சிக்கோ எண்டு கத்தியிருப்பான், பாவம். காதெல்லாம் மண், எனக்கு ஒண்டும் கேக்கல்ல. ஒரு மரம் வந்து என்னை ஏத்திட்டுப் போச்சு."

சொல்லாமல் விட்டிருக்கலாம். முடியவில்லை.

"அது நான்தான் அண்ணன். புடிக்கச் சொல்லல்ல. விடச் சொன்னன்."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"அந்தப் பொம்புளையள் தப்பினாங்களா?"

"ஓம்."

தலையை ஆட்டினார். "அப்ப அளவை எழுதுங்க" என்றார். முதல் எண்ணையே நான் பிழையாக எழுதியதால் பேனாவை வாங்கி அவரே எழுதினார்.

அடுத்த கிழமை கம்பியைப் பூட்டத் திராய்மடுவுக்குப் போனேன். அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். என்னைக் காட்டி, "புள்ள, இவர்தான்..." என்று தொடங்கி நிறுத்தினார். நான் கோப்பையை வாங்காமல் நின்றேன்.

"ஜன்னல் செஞ்ச ஆள்" என்றார்.