மேலே புதுசு, அடியிலே மொட்டை

ஷூ கடையில் வேலை பார்க்கும் நாம் நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் குனிந்தே இருக்க வேண்டும். ஆனால் முகம் மறைப்பதைக்கூட ஷூவின் அடிப்பக்கம் நம்மிடம் சொல்லிவிடும். திருவொற்றியூரில் நான் நிற்கும் கடை மாதிரியே உங்கள் கடையிலும், "இன்னும் கிழியவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். கூட உட்காருங்கள், இந்தத் தடவை ஜெயித்த கதை இருக்கிறது.

சாய்ந்து நின்ற ஜோடி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மாரி அண்ணன், டாக்டர் சொன்னதால் தினமும் நடப்பவர். லேஸ் மட்டும் வாங்க வந்தார். முட்டி வலிக்கிறதாம், நடப்பதையே விட்டுவிடப் போகிறாராம். ஷூவோ பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

கழற்றச் சொல்லி, கண்ணாடி மேஜை மேல் வைத்து, பின்பக்கமிருந்து பார்க்கச் சொன்னேன். இரண்டும் வெளிப்பக்கமாகச் சரிந்து நின்றன. திருப்பினால் அடியில் ஒரு கோடு பாக்கியில்லை, சுத்த மொட்டை. இந்தச் சாய்வுதான் முட்டியை வலிக்கவைக்கிறது என்றேன். அண்ணன் அசந்துபோனார்: "இன்னா தங்கச்சி, குடிச்சுட்டு நிக்கிற மாதிரி சாஞ்சுகினு கீது? நானே குடிய வுட்டு வருசக் கணக்காவுது!"

ராசி ஷூ

அடுத்து ரேவதி. காசிமேட்டுப் பெண், போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு ஓட்டத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். கெட்டி சாக்ஸ் வேண்டும் என்றாள். ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறதாம், வேகமும் குறைந்துகொண்டே போகிறதாம். "இந்த வாட்டி வுட்டா வயசு தாண்டிரும்கா" என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காலில் கிடந்தது காலேஜில் கப் வாங்கித் தந்த ராசி ஷூ, அதில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு வேறு கட்டியிருந்தாள். புது ஷூ ஒன்றின் குதிகால் பஞ்சை என் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டி, அவளையும் அமுக்கச் சொன்னேன். அமுங்கி, மேலே வந்தது. அவளுடையதை அமுக்கினால் செங்கல். தரையின் இடியெல்லாம் நேராக எலும்புக்குப் போனால் வலிக்காதா? திருப்பித் திருப்பி அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ செத்தது என் காலு இல்லியாக்கா?"

சாமி படத்தாண்ட

ரேவதி புது ஜோடி வாங்கிப்போன அடுத்த வாரம், அவள் அம்மா மீன் கூடையோடு கடைப் பக்கம் வந்தார். ஷூ எப்படி என்றேன். "சாமி படத்தாண்ட பத்திரமா கீதும்மா. புதுசாச்சே, ஓட்டத்தன்னிக்கு நல்ல நேரம் பாத்து போட்டுக்கும்" என்றார். அதுவரை அந்தச் செங்கல்லிலேயே ஓட்டம்! பழகாத ஷூவை அன்றைக்கு மாட்டினால் பாதி ஓட்டத்தில் குதிகால் கடித்துவிடுமே.

கடை முதலாளி அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துக்காரர். "வித்த சரக்கு சாமி கும்பிட்டுக்கிட்டு கெடந்தா நமக்குல்லா கேவலம், போயிட்டு வாம்மா" என்றார். பள்ளி விட்டு வந்த என் குட்டி மகள் யாழினியையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ரேவதி வீட்டுக்குப் போனேன். ஷூவுக்குச் சந்தனம், குங்குமம், மல்லிப்பூ. ரேவதி, "சொன்னா கேக்கமாட்டேங்குதுக்கா" என்று அம்மாவைக் காட்டினாள். கடிக்கும் என்று நான் எவ்வளவோ சொல்லியும் அந்தம்மா மசியவில்லை.

இதற்குள் யாழினி நேராகப் போய், பூவோடு ஒரு ஷூவைத் தூக்கி ரேவதி மடியில் வைத்து, "போடு" என்றாள். அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்: "கொயந்த கையால எடுத்துக் குட்த்துட்ச்சு, இத்தவிட இன்னாடி நல்ல நேரம்? போட்டுகினு ஓடு!"

லட்டு

அன்றிலிருந்து கடற்கரை ரோட்டில் தினமும் புது ஷூவிலேயே ஓட்டம். முதல் சில நாள் கடித்தது, பிறகு பழகியது. எலும்பு வலியும் மெல்ல விட்டது. ஓட்டத் தேர்வு முடிந்த மறுநாள் ரேவதி லட்டு டப்பாவோடு கடைக்குள் பாய்ந்தாள். அவளோடு ஓடிய கும்பலில் அவள்தான் முதல்! நான் கத்திய கத்தலில் ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒற்றைக் கால் ஷூவோடு எழுந்து நின்றுவிட்டார்.

அந்த ராசி ஷூ என்ன ஆச்சு என்று அண்ணாச்சி கேட்டார். ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள்: "அம்மா அத்த இப்போ சாமி படத்தாண்ட வெச்சுட்ச்சு அண்ணாச்சி!"

இனி எங்கள் ஏரியாவில் எந்தத் திருடனாவது ஓடியும் ரேவதி கையில் பிடிபட்டால், அதில் என் கட்டைவிரலுக்கும் ஒரு பங்கு உண்டு.