புதுத்தண்ணீரும் என் மச்சானும்

என் மச்சானுக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. அவரே அப்படித்தான் சொல்லுவார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டியிருந்த அவருடைய தென்னந்தோப்பில்தான் நான் மீன்குஞ்சுப் பண்ணை போட்டிருந்தேன். நிலம் அவருடையது என்பதால் மீனைப் பற்றிய அறிவும் பட்டாவோடு சேர்ந்து தனக்கு வந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டி ஓரமாகப் போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பார். எடுத்த பாடம் எல்லாமே தப்பு.

அது நான் குஞ்சு பொரிக்கப் போட்ட முதல் ஈடு. வன்னியம்பட்டிக் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் என்னை நம்பி வேறெங்கும் குஞ்சுக்குச் சொல்லிவைக்காமல் இருந்தார்கள். இந்தத் தடவை கை விரித்தால் பிறகு இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என்னிடம் இருந்ததோ கொஞ்சம் தாய்மீன்கள். அவற்றுக்கு முட்டையிடவைக்கும் ஊசி போட்டு முட்டை எடுத்தாயிற்று. அந்தப் பருவத்துக்கு அவ்வளவுதான், மறுபடி முட்டை கிடைக்காது.

முட்டைகள் ஊறிய ஜவ்வரிசி மாதிரி இருந்தன. வட்டத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் மெதுவாகச் சுழல, அவையும் கூடவே சுழன்றுகொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் பொரிந்துவிடும். உள்ளே இருக்கும் உயிர், முட்டையின் தோல் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. தண்ணீர் சூடானால் ஆபத்து, ஓட்டம் நின்றால் ஆபத்து. எல்லாவற்றையும்விட ஆபத்து கலங்கல். மேலே வண்டல் படிந்தால் மூக்கைப் பொத்தியது மாதிரிதான். அதனால்தான் ஓடையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயின் வால்வை மூடியே வைத்திருந்தேன்.

இதையெல்லாம் மச்சான் என்னிடம் கேட்காமல் இல்லை. "ஓடையில அம்புட்டுத் தண்ணி சும்மா போகுது. எதுக்கு மாப்ள மோட்டாரப் போட்டு கெணத்துத் தண்ணிய எடுக்கீய?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"அது உங்களுக்குப் புரியாது, மச்சான்" என்றேன் இரண்டு தடவையும். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. படித்தவன் என்பதைக் காட்டிக்கொள்ள எனக்கும் வேறு இடம் ஏது?

பொரிய வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி மலையில் நல்ல மழை. காலையில் நான் குஞ்சு அடைக்கும் பைகளும் ஆக்சிஜன் சிலிண்டரும் வாங்க ராஜபாளையம் போயிருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தபோது தோப்பு வாசலிலேயே சூடம் மணத்தது. ஓடை செம்மண் நிறத்தில், சருகும் சுள்ளியுமாக இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கரையில் மஞ்சள் தூவி, தேங்காய் உடைத்து வைத்திருந்தார்கள். வருஷத்தின் முதல் வெள்ளத்தைக் கும்பிடுவது இங்கே வழக்கம்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு செவ்வந்திப் பூ என் முட்டைத் தொட்டியிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

தொட்டியில் இருந்தது காபி. பூவைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வாங்க மாப்ள! புதுத்தண்ணி வந்திருச்சு. மோட்டார நிறுத்திட்டு ஓடை வால்வத் தொறந்து விட்டுட்டேன். மீனு புதுத்தண்ணியிலதான ஏறி வந்து முட்ட போடுது? புள்ளையளுக்கும் அதுதான சத்து?" என்றார் மச்சான். முகத்தில் ஊரையே காப்பாற்றியவரின் பெருமை.

மீன் புதுத்தண்ணீரில் ஏறும், உண்மைதான். ஏறுகிற மீன் சேறு புரளும் நடு ஓட்டத்திலா முட்டை இடுகிறது? ஒதுங்கி, தண்ணீர் பரந்து கிடக்கும் புல்வெளியில் அல்லவா இடுகிறது? அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த மனிதர் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார். வால்வை மூடிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டேன். முட்டைகள் அடியில் சேறோடு சேறாக ஒட்டிக் கிடந்தன. நாலைந்தைக் கழுவிப் பார்த்தேன். எல்லாம் செத்து வெள்ளை பூத்திருந்தன. எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பேசினால் வாயில் நல்ல வார்த்தை வராது. கண்ணாடி டம்ளரை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு, அவர் நாற்காலியின் கைப்பிடியில் வைத்தேன். "பாருங்க" என்றேன். செத்த நேரத்தில் டம்ளரின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண் உட்கார்ந்தது. "இது முட்ட மேல உக்காந்தா அது எப்படி மூச்சு விடும், மச்சான்?"

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார் கடைசியில். "நான் கேட்டப்பவே இந்த டம்ளரக் காட்டியிருந்தா அந்த வால்வத் தொட்டிருப்பனா மாப்ள?"

அவர் பேசியதில் சரியாக இருந்த ஒரே பேச்சு அதுதான்.

வன்னியம்பட்டிக்காரர்களுக்குப் போன் செய்தேன். மச்சான் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். முட்டை அத்தனையும் போய்விட்டது, ஓடைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது என்றேன். மீனைப் பற்றி ஒன்றும் தெரியாத எந்த மடையன் அதைத் திறந்துவிட்டது என்று கேட்டார்கள்.

நான்தான் என்றேன்.